எருமையின் வயிற்றில் ஒரு நீலத் தழும்பு

என் பிரியமுள்ள மச்சான் சாமு,

கல்லறையில் பூ வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிவிடுகிறேன் என்று உன் அக்கா என்மீது குறைப்படுகிறாள். வாயைத் திறந்தால் பயந்தவன் குரல்தான் வரும். பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். உன்னைத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் இதைப் படிக்கட்டும், பரவாயில்லை.

முதலில் சேதி. உன் எருமையின் வயிறு பிளந்துவிட்டது.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். ஆம்பூரைச் சுற்றியுள்ள, தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுநீர் வந்து சேரும் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் நீ ஃபிட்டர். சுத்திகரித்த பிறகு மிஞ்சும் சேற்றுக்கு அங்கே ஒரு பெரிய குளம் இருக்கிறது. மேலே காய்ந்து வெடித்த தரை போலத் தெரியும். கீழே இரண்டு ஆள் ஆழத்துக்குக் கறுப்புக் கூழ். ஓர் ஆடு அதைத் தரை என்று நம்பி நடந்து போய், இரண்டாவது முறை கத்துவதற்குள் மறைந்துவிட்டதை நீதான் எனக்குச் சொன்னாய். நீச்சல் தெரிந்தவனுக்கும் அங்கே வழியில்லை.

அந்தக் குளத்துக்குள் போய் சாம்பிள் எடுப்பதற்காக வெளிநாட்டிலிருந்து மரப்பெட்டியில் வந்தது அந்த வண்டி. ஆறு சக்கரம். பச்சைப் பிளாஸ்டிக்கில் ஒரே அச்சாக வார்த்த தொட்டி போன்ற உடம்பு. ஸ்டியரிங் கிடையாது, இரண்டு கைப்பிடிகள்தான். தரையில் ஓடும், சேற்றில் ஊரும், தண்ணீரில் மிதக்கும். "சேத்துல படுக்கறதுக்குன்னே பொறந்தது மாமா" என்று சொல்லி, நீ அதற்கு எருமை என்று பெயர் வைத்தாய். நீ ஓட்டுவாய். அந்த நிலையத்தின் லேபில் வேலை பார்க்கும் உன் மகள் கிருபா பின்னால் உட்கார்ந்து சாம்பிள் எடுப்பாள். தாயில்லாத பெண்ணை அப்படித்தான் எப்போதும் உன் முதுகுக்குப் பின்னாலேயே வைத்திருந்தாய்.

நீ தூக்கத்திலேயே போய்விட்ட பிறகு எருமையை முனுசாமி ஓட்டுகிறான். நல்லவன்தான், ஆனால் வண்டிக்குக் கண் இருக்கிறது என்று நம்புகிறவன். கரைமேட்டில் கிடந்த ஒரு கல்லில் ஏற்றிவிட்டான். முன்சக்கரத்தின் அச்சு நுழையும் ஓட்டையிலிருந்து அடிவயிற்றில் ஒரு முழத்துக்கு விரிசல். விரிசலின் இரண்டு ஓரமும் பால்போல வெளுத்திருந்தன.

அன்று சாயங்காலம் கிருபா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, வண்டி ரெடி ஆவலேன்னா பழையபடி ரெண்டு டிரம்மு மேல பலகையக் கட்டிப் போங்கறாங்க."

"வண்டி செஞ்ச கம்பெனிக்கு எழுதலாமே?"

"எழுதியாச்சு. புது உடம்பு கப்பல்லதான் வரணுமாம். ரெண்டு மூணு மாசம் ஆவும். அதுவரைக்கும் சாம்பிள் எடுக்காம விடுவாங்களா? எனக்குப் பலகைன்னா பயம் மாமா. அப்பாவே அதுல போவ மாட்டாரு."

நான் ஏன் வாயைக் கொடுத்தேன், சாமு? பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்தியவன், ஓய்வு பெற்றபின் கை சும்மா இருக்கிறது, நீ போனபின் எங்கள் வீட்டோடு இருக்கும் உன் பெண் பயப்படுகிறாள். "நான் பாக்கறேம்மா" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் நிலையத்துக்குப் போனேன். உன் ஷெட்டில் உன் ஸ்பேனர்கள் நீ மாட்டிய வரிசையிலேயே தொங்குகின்றன. முனுசாமி குற்ற உணர்ச்சியில் எனக்கு முன்னாலேயே வந்து, ஒரு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாசனையிலேயே தெரிந்தது. ஷூ கம்பெனி பேஸ்ட்.

"சார், பத்து வருஷம் ஷூ கம்பெனியில சோல் ஒட்டினவன் நானு. வெள்ளக்காரன் நம்ம ஷூவப் போட்டுக்கினு பனியில நடக்கறான். சோல் புட்டுக்குதா? அப்புறம் இன்னா?"

எனக்கு மறுத்துப் பேசத் தோன்றவில்லை. நம் ஊரில் யாருக்குத்தான் தோன்றும்? அறுந்த பையா, உடைந்த டிரான்சிஸ்டரா, குடைக் கைப்பிடியா, எதுவானாலும் நாம் அந்த டப்பாவைத்தான் திறக்கிறோம். உன் அக்கா ஒருமுறை என் மூக்குக் கண்ணாடியை அதில் ஒட்டினாள். இந்த ஊரில் பிறந்தவனுக்கு அது ஒட்டாத பொருள் உலகத்தில் உண்டு என்ற எண்ணமே வராது.

முறைப்படிதான் செய்தோம். உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கினோம். இரண்டு தடவை பூசி, விரலில் ஒட்டாத பதத்துக்குக் காயவைத்தோம். சூடு காட்டி, சோலுக்குப் போடும் ரப்பர் ஷீட்டை வைத்துச் சுத்தியால் ஓரம் ஓரமாகத் தட்டினோம். முனுசாமி அதன்மேல் ஏறிக் குதித்தான். நானும் ஏறி நின்றேன். கல்லாக நின்றது.

"நிக்குமா மாமா?" என்றாள் கிருபா.

வகுப்பில் கேள்வி கேட்ட பிள்ளைக்குச் சொல்வதுபோல உதாரணத்தோடு சொன்னேன். "ஒரு ஷூ நாள் முழுக்க மடங்கி நிமிருது. ஒரு ஆளோட முழு பாரத்தையும் தாங்குது. இது மடங்கவே போறதில்லயே? ஒண்ணும் ஆகாது, போம்மா."

ஒண்ணும் ஆகாது. அந்த இரண்டு வார்த்தைகளை நான் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! ஆசிட் குப்பியைத் திறக்கப் பயந்தவனுக்கு, மேடையேறப் பயந்தவளுக்கு. அப்போதெல்லாம் தெரிந்து சொன்னேன். இந்த முறை தெரியாமல் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணி வெயிலில் எருமை குளத்தில் இறங்கியது. நான் கரையில் குடையோடு நின்றேன். முதல் நூறடி அழகாகப் போயிற்று. பிறகு வண்டியின் மூக்கு கொஞ்சம் தாழ்ந்ததுபோல இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். கண்ணாடியில் குறையில்லை.

"அண்ணே, காலு நனையுது!" கிருபாவின் குரல். பிறகு முனுசாமியின் குரல், அழுகைபோல. "அய்யோ, புட்டுக்கிச்சும்மா! புட்டுக்கிச்சு!"

"கத்தாதீங்கண்ணே, பின்னால எடுங்க! நேரா பின்னால!"

சாம்பிள் வாளியால் அவள் கூழை அள்ளி அள்ளி வெளியே வீசினாள். சக்கரங்கள் சுற்றுகின்றன, வண்டி நகர்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா, சாமு? குடையை நீட்டினேன். நூறடி தள்ளி இருப்பவளுக்குக் கரையிலிருந்து குடையை நீட்டினேன். அவள் பெயரைக் கூப்பிட வாய் திறந்தேன், உன் பெயர்தான் வந்தது.

பின்சக்கரங்கள் கரைச் சரிவைக் கவ்வியதும் இன்ஜின் இருமி நின்றது. நாலு பேர் இறங்கி இழுத்தோம். அவளுக்கு முழங்கால்வரை கறுப்பு. என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. ஒட்டுப் போட்ட ரப்பர் ஷீட் வண்டிக்கடியில் தோல் உரிந்ததுபோலத் தொங்கியது. உரிந்த இடத்தில் பச்சைப் பிளாஸ்டிக் பளபளவென்று இருந்தது. பேஸ்ட் முழுவதும் ரப்பரோடு வந்துவிட்டது. பிளாஸ்டிக்கில் ஒரு பொட்டுகூடப் பிடித்திருக்கவில்லை.

உன் அக்காவிடம் மறைக்கத்தான் பார்த்தேன். அந்த நாற்றம் மறைய விடுமா? கிருபா மூன்றாவது தடவையாகக் காலுக்குச் சோப்புப் போடும்போது எஸ்தர் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஊருக்கே பாடம் சொன்ன வாத்தியாரு. என் தம்பி பொண்ண சேத்துல எறக்கிட்டு கரையில குடை புடிச்சிக்கினு நின்னீங்களா?"

"எஸ்தரு..."

"பேசாதீங்க. அவன் வந்து எம்பொண்ணு எங்கேக்கான்னு கேட்டா, நான் இன்னா சொல்றது?"

என்ன தப்பு என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. வீட்டில் ஜெபத்துக்கு வைத்திருந்த மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்து, அதே பேஸ்ட்டைப் பூசி ஒரு தோல் துண்டை ஒட்டினேன். காய்ந்தபின் நகத்தால் நெம்பினேன். சும்மா கழன்று வந்தது. அந்தப் பச்சைப் பிளாஸ்டிக்கில் கத்தியால் ஒரு சீவல் எடுத்து வந்திருந்தேன். தண்ணீரில் போட்டேன், மிதந்தது. கொளுத்தினேன், அணைத்த மெழுகுவர்த்தியின் வாசனை. மெழுகுக்கு நெருங்கிய சொந்தம் அது. எந்தப் பசையையும் தன்மேல் பிடிக்க விடாது. பத்தாம் வகுப்புப் பாடம், சாமு. கொளுத்திப் பார்க்க இரண்டு நிமிஷம் ஆகும். முதலிலேயே ஏன் கொளுத்திப் பார்க்கவில்லை?

பசை பிடிக்காது என்றால் வேறு எது பிடிக்கும்? அதற்கு என்னிடம் விடை இல்லை. இரண்டு நாள் கழித்து விடை தானாகத் தெருவில் வந்தது, "பிளாஸ்டிக் குடம், பக்கெட் ஒட்டறதேய்" என்று கத்திக்கொண்டு.

பேர் ஜமீலா. தலையில் முக்காடு, இடுப்பில் ஒரு கரியடுப்பு, பையில் நாலைந்து இரும்புக் கம்பிகள். பத்து வருஷமாக நம் தெருவில் வருகிற அம்மா. நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். எருமையைச் சுற்றி ஒரு முறை நடந்தாள்.

"இன்னா சார் இது? காரா, போட்டா?"

"ரெண்டும்தாம்மா."

அடியில் குனிந்து பார்த்தாள். பேஸ்ட் கறையை விரலால் தேய்த்தாள். "யாரு இதுக்குப் பேஸ்ட் போட்டது? செருப்புன்னு நெனச்சிக்கினானா?"

முனுசாமி வானத்தைப் பார்த்தான். "நான்தாம்மா" என்றேன்.

"வாத்தியாரா நீங்க? சரி வுடுங்க, படிச்சவங்க." ஒரு சீவலைக் கொளுத்தி முகர்ந்தாள். நான் மெழுகுவர்த்தியோடு கண்டுபிடித்ததை அவள் மூக்கு ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டது. "இது குடம் ஜாதி. ஒட்டும். ஆனா இதே ஜாதியிலதான் ஒட்டு போடணும். வேற ஜாதி போட்டா இன்னிக்கு நிக்கும், நாளைக்குக் காலை வாரும்."

டேனரிக்கு ஆசிட் வரும் நீல டிரம்கள் ஷெட்டுக்குப் பின்னால் குவிந்து கிடந்தன. அதிலும் ஒரு சீவலைக் கொளுத்தி முகர்ந்து, தலையாட்டினாள். டிரம்மை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, விரல் அகலப் பட்டைகளாக அறுத்தோம்.

வண்டியின் சீட்டுகளைக் கழற்றி, ஆறு பேர் சேர்ந்து பழைய டயர்கள்மேல் பக்கவாட்டில் சாய்த்தோம். விரிசலைத் தொடுவதற்கு முன் அதன் நுனியில் ஒரு சின்ன ஓட்டை போடச் சொன்னாள். முனுசாமி குறுக்கே வந்து நின்றான். "ஏற்கெனவே கிழிஞ்சிருக்கு, இதுல நீ வேற ஓட்டை போடறியா?"

"ஷூ கம்பெனியிலதானே இருந்த? மேல்தோல்ல கீறல் வெட்டினா நுனியில பஞ்ச் அடிப்பீங்களா, மாட்டீங்களா?"

அவனே போய் டிரில் எடுத்து வந்தான். நுனி வட்டமாக இருந்தால் கிழிசல் அதற்குமேல் ஓடாது. தோலுக்குத் தெரிந்ததைப் பிளாஸ்டிக்குக்குச் சொல்ல எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை, பார்.

பிறகு கரியடுப்பில் பழுத்த கம்பியால் விரிசல் நெடுக உழவுச்சால்போல ஒரு பள்ளம் எடுத்தாள். நீலப் பட்டையையும் பச்சை உடம்பையும் ஒரே நேரத்தில் இளக்கி, ஒன்றுக்குள் ஒன்றை அழுத்திக்கொண்டே போனாள். கம்பி சூடு ஜாஸ்தியாகிப் புகை வந்தால் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி செய்தாள். "பொகை வந்தா உசுரு போச்சுன்னு அர்த்தம் சார்." வெளிப்பக்கம் ஒரு நாள், உள்பக்கம் ஒரு நாள். கடைசியில் பச்சை வயிற்றில் ஒரு முழத்துக்கு நீலத் தழும்பு, பிரசவ அறுவைக்குத் தையல் போட்டதுபோல.

"இது நிக்குமாம்மா?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் தெரிந்தது, கிருபா என்னிடம் கேட்ட அதே குரல்.

"தண்ணி ஊத்திப் பாரு சார். என்னை ஏன் கேக்கறே?"

வண்டியை நிமிர்த்தி, நாலு கல் அடுக்கி உயரத்தில் நிறுத்தி, உள்ளே விளிம்புவரை தண்ணீர் நிரப்பினோம். நான் ஒரு சாக்கை விரித்து அடியில் படுத்துக்கொண்டேன். இந்த வயதில் ஒரு வண்டிக்கடியில் படுத்து, அதன் வயிற்றைப் பார்த்துக்கொண்டே பைபிளிலிருந்து சங்கீதம் சொல்வேன் என்று யார் நினைத்தது? மதியம்வரை ஒரு சொட்டு விழவில்லை. பயம் போயிருக்க வேண்டும், இல்லையா? போகவில்லை. நிற்கும் வண்டியில் சொட்டவில்லை. குலுங்கும் வண்டியில்?

நேற்றுக் காலை மறுபடி இறக்கினோம். நானும் ஏறுகிறேன் என்றேன். கிருபா விடவில்லை.

"நீங்க ஏறினா பாரம் ஜாஸ்தி மாமா. ரெண்டு பேருக்குத்தான் கணக்கு."

"அப்ப முனுசாமிக்குப் பதிலா நான் வர்றேன்."

"ஓட்டத் தெரியுமா?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "கயிறு கட்டணும் மாமா. அப்பா கட்டுவாரு. எல்லாரும் கிண்டல் பண்றாங்கன்னு நாங்கதான் விட்டுட்டோம்."

நீ கயிறு கட்டுவாய் என்பது எனக்குத் தெரியாது, சாமு. "எருமைக்கு மூக்கணாங்கயிறா?" என்று நிலையமே உன்னைப் பார்த்துச் சிரித்ததாம். அப்படியானால் நீயும் ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டுதான் போனாயா? எங்களிடம் ஒரு நாளாவது காட்டியிருக்கிறாயா? ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, காலை நீட்டி, நாளைக்குக் குளம் என்று நாளைக்குச் சினிமா என்பதுபோலச் சொல்வாயே.

வண்டியின் பின்கொக்கியில் கயிற்றைக் கட்டி, கரையிலிருந்த வேப்பமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, மிச்சத்தை நான் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் மூன்று பேர். அவள் ஏறுவதற்கு முன் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றாள்.

"எனக்குத் தெரியலம்மா" என்றேன். "தண்ணி ஊத்திப் பாத்தோம், நின்னுச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கொஞ்சம் நனைஞ்சாலும் கையத் தூக்கு. நான் இழுக்கறேன்."

அவள் தலையாட்டினாள். கையிலிருந்த பழைய செய்தித்தாளைப் பிரித்து, வண்டிக்குள் அந்தத் தழும்பின்மேல் விரித்துவிட்டு உட்கார்ந்தாள்.

கயிறு என் உள்ளங்கையில் அடி அடியாக ஓடியது. முதல் முறை மூக்குத் தாழ்ந்த இடம் வந்தது. அந்த இடம் தாண்டியது. குளத்தின் நடுவில் இன்ஜின் நின்றது. நிறுத்தினார்களா, நின்றுவிட்டதா? அவள் குனிந்தாள். தலை மறைந்துவிட்டது. எனக்குப் பின்னால் யாரோ "இழுக்கலாமா சார்?" என்றார்கள். கை தூக்கவில்லையே, இழுக்கலாமா? எத்தனை நேரம் என்று தெரியவில்லை. பிறகு அவள் எழுந்து நின்று அந்தச் செய்தித்தாளை இரண்டு கையாலும் விரித்து எங்களுக்குக் காட்டினாள். காற்றில் படபடவென்று அடித்தது. நனைந்த தாள் அப்படி அடிக்காது.

எனக்குப் பின்னால் விசில் அடித்தார்கள். நான் வேப்பமரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். கயிற்றை மட்டும் விடவில்லை.

சாம்பிள் எடுத்துக் கரையேறியதும் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். ஒரு மூலையில் எட்டணா அகலத்துக்கு ஈரம்.

"அது என் பூட்ஸ்ல இருந்து சொட்டினது மாமா" என்றாள். இருக்கலாம். சாம்பிள் வாளியிலிருந்து தெறித்திருக்கலாம் என்றான் முனுசாமி. அதுவும் இருக்கலாம். மறுபடி தண்ணீர் நிரப்பி, அடியில் படுத்துச் சாயங்காலம்வரை பார்த்தேன். சொட்டவில்லை. ஜமீலா வந்து நகத்தால் தழும்பை நெடுகக் கீறிப் பார்த்துவிட்டு, "கெட்டியா கீது சார், போய்ச் சாப்பிடு" என்றாள். சாப்பிட்டேன். அந்த மூலை ஈரம் மட்டும் இந்த வரி எழுதும்வரை என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

புது உடம்பு கப்பலில் வரும்வரை அவள் திங்கள்தோறும் அந்தக் குளத்துக்குள் போய்த்தான் ஆகவேண்டும். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்புறம் யாரு மாமா போவாங்க? பலகையில வேற யாரையாவது அனுப்புவாங்க" என்கிறாள். உன் பெண்தானே.

அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், சாமு. பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லமாட்டேன். அந்தச் சொல்லுக்கு என்னிடம் பலமில்லை. அவள் போகும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான் முதலில் போய் எருமைக்கடியில் படுத்துப் பார்ப்பேன். புதுத்தாள் விரிப்பேன். அவள் திரும்பிக் கரையில் காலை வைக்கும்வரை அந்த வேப்பமரத்தடியை விட்டு நகரமாட்டேன், கயிற்றை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டேன். பயந்துகொண்டுதான் நிற்பேன். ஆனால் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிய பாவத்துக்கு
உனக்கும் மாமா, உன் மகளுக்கும் மாமாவான
ஞானமுத்து